கண்ணாடிக்குப் பின்னால் தங்கம்

அன்புள்ள ஐயா,

பழைய பாணியில் ஒரு கண்ணாடிப் பெயர்ப்பலகையை நானே செய்து பார்க்க இறங்கினேன். கண்ணாடியின் பின்பக்கம் பசை தடவி, அது பிசுபிசுப்பாக ஆனதும் தங்க ரேக்கை, அதாவது தட்டி மெல்லியதாக்கிய தங்கத் தாளை, ஒட்டினேன். திருப்பிப் பார்த்தால் மஞ்சள் காகிதம் ஒட்டியதுபோல மங்கலாக இருக்கிறது. கோல்டு பெயின்ட்டே போதுமே என்கிறார்கள் வீட்டில். எங்கே தவறினேன்?

ம.

அன்புள்ள ம.,

ரேக்கில் குறையில்லை, பசையில்தான். நீங்கள் தடவியது எண்ணெய்ப் பசை. மரத்துக்கு அது சரி, அங்கே நாம் பார்ப்பது ரேக்கின் மேல்பக்கத்தை. கண்ணாடியிலோ பசை வழியாகத்தான் தங்கத்தைப் பார்க்கிறோம். பிரஷ் போன தடம், தூசி, எல்லாம் முன்னால் வந்து நிற்கும்.

பளபளப்பு வேண்டுமென்றால் பசையே இல்லாததுபோல ஒரு பசை வேண்டும். அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு காலி ஜெலட்டின் மாத்திரைக் கூட்டைச் சூடாக்கிக் கரைத்தால் போதும். கூடுதலாகப் போட்டால் மங்கல்தான் கூடும். கண்ணாடியைச் சாக்கட்டித் தூளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு விரல்ரேகை இருந்தாலும் அது தங்கத்துக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

அப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ரேக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கையால் தொட முடியாது. அணில்முடித் தட்டைப் பிரஷைக் கன்னத்தில் ஒருமுறை இழுத்தால் ரேக்கைத் தூக்குமளவு தோலின் எண்ணெய் அதில் ஏறும். கண்ணாடியில் அந்த ஜெலட்டின் நீர் வழிய வழிய, ரேக்கை அருகே கொண்டுபோங்கள். நீங்கள் வைக்க வேண்டாம், ஈரமே அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். முதலில் சுருங்கி, மங்கி, கெட்டுப்போனதுபோல இருக்கும். பதறாதீர்கள். நீர் வடிந்து காயக் காய ரேக்கு தானே இழுத்துக்கொண்டு விறைக்கும், ஓரத்திலிருந்து ஒளி ஏறும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சை நீலமாக ஊடுருவித் தெரியும், ஊசித் துளைகளும் தெரியும். அதற்காகத்தான் இன்னொரு அடுக்கு. பிறகு பஞ்சால் மெல்ல மெருகிட்டு வெந்நீர் ஊற்றினால் மிச்ச ஜெலட்டின் மூட்டமும் போய்விடும்.

எழுத்து எங்கே என்றால், இன்னும் இல்லை. தங்கம் பரந்த பரப்பாகக் கிடக்கிறது. அதன் முதுகில் எழுத்தை இடவலம் மாற்றி எனாமலில் எழுதிக் காயவிட வேண்டும். ஈரப் பஞ்சில் கொஞ்சம் சாக்கட்டித் தூள் தொட்டுத் தேய்த்தால் பெயின்ட் காக்காத தங்கமெல்லாம் துகளாக உதிரும். நிழலும் பின்னணியும் அதற்குப் பிறகு. வண்ணப் பூ வரைவதானால் வரிசையே தலைகீழ்: காகிதத்தில் கடைசியாக வைக்கும் ஒளிப்புள்ளியை இங்கே முதலில் வைக்க வேண்டும்.

கோல்டு பெயின்ட் பற்றி: அதில் மினுங்குவது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த தூள், நாளானால் பழுப்பேறும். தங்கம் அப்படி மாறாது. 4-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் பதித்த, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தங்கத் தகடு வைத்த வட்டுகளில் முகங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டில் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

உங்கள் மங்கல் பலகையைச் சுரண்டிவிடாதீர்கள். அந்த மங்கலைக் கைதேர்ந்தவர்கள் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். எழுத்தின் விளிம்பை ஜெலட்டின் நீரில் ஒட்டி, நடுப்பகுதியை எண்ணெய்ப் பசையில் ஒட்டுவார்கள். தங்கம் ஒன்றே, விளிம்பு முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னும், நடு பட்டுப்போல அடங்கியிருக்கும். நடுப்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்துவிட்டது. அடுத்த பலகையில் விளிம்பை மட்டும் நீரில் ஒட்டிப் பாருங்கள்.