காட்டுக்குப் போனால் எழுத்து வருமா?

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். பத்திரிகைகளில் சில சிறுகதைகள் வந்திருக்கின்றன, ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. அண்மையில் சிநேகிதி ஒருத்தி ஓர் அறிவித்தல் அனுப்பினாள். மலைநாட்டில் பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றில், 'இயற்கையின் மடியில்' இரண்டு வாரம் தங்கி எழுதலாமாம். கட்டணம் டொலரில். பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. காலி வீதி இரைச்சலுக்குள் எனக்கு ஒரு வசனமும் வருவதில்லை. "எழுத மேசை இருக்கு, லைட் இருக்கு, பிறகு எதுக்குக் காடு?" என்று கணவர் கேட்கிறார். சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்படியான இடங்கள் உண்மையிலேயே எழுத உதவுமா? நீங்கள் போயிருக்கிறீர்களா?

ச.

அன்புள்ள ச.,

உதவும். ஆனால் அந்த அறிவித்தல் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

கலைஞர்கள் தங்கி வேலை செய்கிற ரெசிடென்சிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிற மக்டவல். 1907 இல் தொடங்கியது. எட்வர்ட் மக்டவல் என்ற இசையமைப்பாளரும் அவர் மனைவி மரியனும் பீட்டர்பரோ என்ற ஊரில் ஒரு பண்ணை வைத்திருந்தார்கள். அங்கே மரங்களுக்கு நடுவே எட்வர்டுக்கென்று ஒரு மரக்குடில். இசையமைக்க அவர் அதற்குள் போய்விடுவார். மத்தியானம் மரியன் சாப்பாட்டுக் கூடையைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, அவரைக் குழப்பாமல் திரும்பி வந்துவிடுவார். இன்றைக்கும் அங்கே தங்குகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கூடையில் வைத்து ஸ்டூடியோ வாசலுக்குத்தான் வருகிறது. அங்கே போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தால், மரங்களை மறந்தவர்கூட அந்தக் கூடையை மறந்திருக்கமாட்டார்.

மரியன் வெறுமனே கூடை தூக்கின மனைவி இல்லை. அவரே பியானோக் கலைஞர். ஜெர்மனிக்குப் பியானோ படிக்கப் போன இடத்தில் எட்வர்ட்தான் அவருக்கு ஆசிரியர். 1908 இல் கணவர் இறந்த பிறகு, ஊர் ஊராகப் போய் அவருடைய இசையை வாசித்துக் காசு சேர்த்து அந்த இடத்தைக் கட்டிக்காத்தார். 1956 இல், 98 வயதில்தான் இறந்தார். இந்த இரண்டு பேரில் யாருக்கு அந்தக் குடில் கிடைத்தது, யார் கூடை தூக்கியது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்விதான். மேசை இருக்கிறது. கூடை இல்லை. விடிய எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, வகுப்பில் கத்தி, பின்னேரம் ரியூஷனுக்குக் கூட்டிப்போய், இரவு கொப்பி திருத்தி முடித்தபிறகு அந்த மேசை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு மாதம் யாரோ சமைத்து, யாரோ கோப்பை கழுவி, "அம்மா என்ர சொக்ஸ் எங்க" என்ற குரல் கேட்காமல் இருந்தால் நீங்கள் காலி வீதிப் பஸ் ஹோல்ட்டில் இருந்தும் எழுதுவீர்கள். இதை அவரிடம் இப்படியே சொல்லலாம். என் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள், பரவாயில்லை.

சரி, அப்ப இயற்கைக்கு ஒரு பங்கும் இல்லையா என்று கேட்பீர்கள். ஓவியருக்கு இருக்கிறது, ஒலியோடு வேலை செய்கிறவருக்கு இருக்கிறது. அவர்களுக்கு அது வேலைத்தலம். 1871 இல் தோமஸ் மொரன் ஓர் ஆய்வுக் குழுவோடு யெலோஸ்டோன் போய்த் தீட்டிய படங்கள், அடுத்த வருடமே அந்த இடம் தேசியப் பூங்கா ஆவதற்குத் துணைநின்றன. அந்தாட்டிக்காவுக்குக்கூட அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அனுப்பியிருக்கிறது. நமக்கு, அதாவது மனிதர்களைப் பற்றி வசனம் எழுதுகிறவர்களுக்கு, காடு தருவது முக்கியமாகச் சலிப்பு. பார்க்க ஒன்றுமில்லை, கதைக்க ஆளில்லை என்ற நிலை வந்தால் கை தானாக எழுத்துக்குப் போகும். அது பெரிய உதவிதான், குறைத்துச் சொல்லவில்லை.

இன்னொன்று. இயற்கை என்று நாம் பார்க்கப்போவதில் பாதி ஆள் வைத்துச் செய்தது. பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கை இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் தோட்டம். அவருடைய பெயரில் இருக்கிற அறக்கட்டளை கலைஞர்களை அழைத்து அங்கே வேலை செய்ய விட்டிருக்கிறது. டிக்கெட் எடுத்து நீங்களும் போய்ப் பார்க்கலாம். கரையோர ரயிலில் அளுத்கமவில் இறங்கினால் கிட்ட. குன்றில் நின்றால் அந்தப் பக்கம் தண்ணீர், அதற்கும் அப்பால் ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். இதெல்லாம் எப்போதும் இப்படியே இருந்தது என்று நினைப்போம். ஆனால் 1940களின் கடைசியில் அதைப் பழைய றப்பர்த் தோட்டமாக வாங்கிய பாவா, பார்வை மறைக்கிறது என்று குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தினார். மண் சுமந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்ட பங்களா விஷயத்துக்கு வருகிறேன். போயிருக்கிறேன். அதே இடமில்லை, ஹப்புத்தளைப் பக்கம் வேறொன்று. பெரிய யன்னல், அதற்கு முன்னால் மேசை, பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். வந்த புதிதில் நன்றாகத் தூங்கினேன். அப்புறம் பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் கலண்டர்ப் படம் மாதிரி இருந்தது. காலையில் தேத்தண்ணி கொண்டுவருகிற அம்மா ஒருவர் இருந்தார். தட்டத்தை வைத்துவிட்டு ஒருநாள், "என்ன தாயி எழுதுறீங்க?" என்றார். பனியைப் பற்றி என்றேன். சிரித்துவிட்டார்.

"பனியில நனைஞ்ச கொழுந்துனா தராசுல கழிச்சிருவாங்க தாயி. சாக்குக்கும் கழிப்பாங்க. அப்புறம் நிறை பத்தலேனு அரைப் பேரு."

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். அவருடைய மகள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள். அந்தப் பங்களாவின் எந்த யன்னலில் இருந்து பார்த்தாலும் தொழிலாளர் குடியிருக்கிற லயம் தெரியாது, சமையலறைக்குப் பின்னால் படி இறங்கிப் போகவேண்டும். போனேன். அவர் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் கியூ நின்றது. எனக்குக் குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு, தன் வீட்டுக்கு அங்கேதான் வந்து நிற்பாராம். அந்தத் தங்கலில் நான் உருப்படியாக எழுதியது தராசைப் பற்றி ஒரு கதை, அவ்வளவுதான்.

நமக்கு அந்த மலை வெறும் காட்சி இல்லை. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் பதுளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அந்த வாழ்க்கையை வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார். யன்னலும் பள்ளத்தாக்கும் அவருக்குத் தேவைப்படவில்லை. டொலர் கட்டிப் போகிற தமிழ் எழுத்தாளர் அங்கே பனியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் எனக்குக் கோபம் வரும்.

தனிமை தேடுகிற எழுத்தாளருக்குப் பின்னால் யாரோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். இதற்கு மிக மோசமான உதாரணம் உங்கள் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. 1929 இல் சிலியின் தூதரக அதிகாரியாக வந்த பாப்லோ நெரூதா அங்கே கடற்கரையோரம் ஒரு வீட்டில் தனியாக வாழ்ந்தார். கவிதைகளும் எழுதினார். அந்த வீட்டில் மலவாளி எடுக்க நாளும் வந்துபோன தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதை அவரே நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். பெண்ணின் பெயர் அதில் இல்லை. 'கடலும் தனிமையும் கவிஞனை உருவாக்கின' என்று யாராவது மேடையில் சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாளிதான்.

இனிக் காசு விஷயம். அந்த டொலர் கட்டணத்தைக் கட்டாதீர்கள். மக்டவலிலோ, 1926 இல் முதல் விருந்தினர்களை ஏற்ற, நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிற யாடோவிலோ தங்குகிறவர்களிடம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை. எழுத்தைப் படித்துத் தெரிவு செய்கிறார்கள். இந்தியாவில் 2008 இல் தொடங்கிய சங்கம் ஹவுஸும் எழுத்தைப் பார்த்தே ஆட்களை எடுத்தது, இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் இடம் கொடுத்தது. காசு வாங்கிக்கொண்டு யாரையும் எடுக்கிற இடம் ஹோட்டல். ஹோட்டலாக நினைத்துப் போவதென்றால் போங்கள், தப்பில்லை. 

எழுத்தைப் பார்த்து எடுக்கிற ஓர் இடம் கிடைக்கும்வரைக்கும் சனிக்கிழமை காலையை வீட்டில் கேட்டு வாங்குங்கள். 2018 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று என்பது இங்கே இருக்கிற பலருக்கே தெரியாது. தலவத்துகொடையில் தியசரு பூங்கா, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்கா. விடியப் போனால் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு பாதையில் படுத்திருக்கும், நீங்கள்தான் விலகிப் போகவேண்டும். நகரத்துக்குள்ளேயே மீன்பிடிப் பூனை இருக்கிறது, ஆனால் அது உங்களுக்குத் தெரிகிற மாதிரி வராது. கொப்பி கொண்டுபோங்கள், போனை வீட்டில் விடுங்கள்.

விண்ணப்பத்துக்குப் பொதுவாகக் கேட்பது மாதிரிப் பக்கங்கள், அங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்ற ஒரு குறிப்பு, உங்கள் எழுத்தைத் தெரிந்த ஓரிருவரின் கடிதம். பெரும்பாலும் எல்லாம் ஆங்கிலத்தில். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இப்போதே பிடியுங்கள், அதற்குத்தான் அதிக காலம் போகும். குறிப்பில் இயற்கை, மடி, மௌனம் ஒன்றும் வேண்டாம். நாவல் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, மிச்சத்தை முடிக்க எத்தனை வாரம் வேண்டும் என்று எழுதுங்கள். மாதிரிக்கு முதல் அத்தியாயத்தைவிட நடுவில் இருந்து ஒரு பகுதி நல்லது. முதல் அத்தியாயத்தில் எல்லோரும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்போம். தமிழ்ப் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா