விட்டுப்போன நாளுக்கு ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓட்டம் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் படிப்பவன். வயது 46. காலை முதல் மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து ஐந்து புத்தகங்கள் வாங்கிவிட்டேன். மாரத்தான் பயிற்சி நூல் ஒன்று, வாரம் ஆறு நாள் ஓடச் சொல்கிறது. நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கச் சொல்லும் சிறிய நூல் ஒன்று, மூன்று நாள் போதும் என்கிறது. பளு தூக்குவது பற்றிய தடித்த நூலின் ஆசிரியர் ஓடுபவர்களைக் கண்டாலே எரிச்சலடைகிறார். தமிழில் ஓர் ஆசன நூல். அரிசியை விடச் சொல்லும் உணவு நூல் ஒன்று. ஒவ்வொன்றையும் மூன்று வாரம் பின்பற்றினேன். அதற்குள் முழங்கால் வலி வரும், அல்லது அலுவலகத்தில் தணிக்கை வரும். நின்றுவிடும். பிறகு அடுத்த புத்தகம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், "அப்பா, புத்தகங்களைத் தூக்கி இறக்கினாலே கை பலமாகிவிடும்" என்கிறான்.

இவற்றில் எதை நம்புவது? இனி ஒன்று வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகனுக்கு என் பாராட்டுகள். அவனிடம் பிறகு வருகிறேன்.

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு நீங்கள் வந்திருக்கலாம். அது உடற்கல்விக் கல்லூரியின் மைதானம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி. ஆசியாவிலேயே இந்தத் துறைக்கு முதலாவது. அந்த மண்ணில் நின்றுகொண்டு உடற்பயிற்சி நூல் வாங்கி, மிளகாய் பஜ்ஜி தின்று, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் படுத்து அதைப் படித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே உங்களுக்கு உபதேசம் செய்யும் உயரத்தில் நான் இல்லை.

முப்பத்தெட்டு வயதில் நானும் ஒரு மாரத்தான் நூலை வாங்கினேன். பதினாறு வாரத் திட்டம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் தூரம். நான்கு வாரம் ஒரு கட்டம்கூட விடாமல் சிவப்பு மையால் அடித்தேன். ஐந்தாம் வாரம் காய்ச்சல். பதினொரு நாள் படுக்கை. எழுந்த பிறகு புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். விட்டுப்போனவனுக்கு அதில் ஒரு வரி இல்லை. பந்தய நாளுக்கு டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. எனவே ஐந்தையும் ஆறையும் தாண்டி நேரே ஏழாம் வாரத்தின் கட்டத்தில் குதித்தேன். பத்தே நாளில் கணைக்கால் எலும்பின் உள்ளோரத்தில் வலி தொடங்கியது. மாடிப்படி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ளும்படியான வலி. மூன்று மாதம் ஓட்டம் இல்லை. டிக்கெட்டை ரத்து செய்ததில் திரும்பி வந்த பணத்தில் அடுத்த புத்தகம் வாங்கினேன். உங்கள் கதைதான்.

அதன் பிறகு கடையில் எந்தப் பயிற்சி நூலை எடுத்தாலும் முதல் வாரத்தையும் பார்ப்பதில்லை, கடைசி வாரத்தையும் பார்ப்பதில்லை. பயிற்சி விட்டுப்போனால் என்ன செய்வது என்ற பக்கம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் (ஆம், அந்த விஸ்கிப் புட்டியின் பெயர்தான், மனிதர் வேறு) 1998இல் வெளியிட்ட ஓட்டப் பயிற்சி நூல். நவீன ஐந்திறப் போட்டியில் 1956, 1960 ஒலிம்பிக்குகளில் அமெரிக்க அணியோடு பதக்கம் வென்றவர். பிறகு உடலியங்கியல் ஆய்வாளர். பல ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தவர். விட்டுப்போன நாட்களை அவர் வகை பிரிக்கிறார். ஐந்து நாள் வரை விட்டால் ஒன்றும் ஆகிவிடவில்லை, பழைய அளவிலேயே தொடரலாம். ஆறு முதல் இருபத்தெட்டு நாள் வரை என்றால், எத்தனை நாள் விட்டீர்களோ அதில் பாதி நாட்களுக்குப் பழைய அளவில் பாதி, மீதிப் பாதி நாட்களுக்கு முக்கால். வேகத்தையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் விட்டவர்களுக்கு இன்னும் மெதுவான ஏற்றம். என் பதினொரு நாள் காய்ச்சலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஐந்தாறு நாள் பாதி ஓட்டம், அடுத்த ஐந்தாறு நாள் முக்கால் ஓட்டம். கணைக்கால் தப்பியிருக்கும்.

ஒரு பக்கம்தான். ஆனால் காய்ச்சல் வந்த மாணவனையும், பாட்டி இறந்து ஊருக்குப் போய்விட்டு வந்த மாணவியையும், கணுக்கால் பிசகிய பையனையும் எதிரே நிறுத்திவைத்துப் பதில் சொன்னவரால்தான் அதை எழுத முடியும். தன் வெற்றியை மட்டும் கண்டவருக்கு அப்படி ஒரு பக்கம் தேவை என்பதே தோன்றாது. நூலாசிரியர் எத்தனை பதக்கம் வென்றார் என்பது பின்னட்டையில் இருக்கும். எத்தனை சாதாரண மனிதர்களை மேய்த்தார் என்பதை உள்ளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது, நூல் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது. இதில்தான் நீங்கள் இடறியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே பயிற்சியாளர் ஆனவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கமும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கமும் வென்றார். 800 மீட்டர் ஓடுபவனை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆக்லாந்து மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தவர் லிடியார்ட். வாரத்துக்கு 160 கிலோமீட்டர். இதைப் படித்துச் சிலிர்க்கலாம். நாற்பத்தாறு வயதில், சர்க்கரைக்கு அஞ்சி, வ.உ.சி. மைதானத்தைச் சுற்றுபவர் அதைச் செய்துபார்க்கக் கூடாது.

ஆனால் அதே லிடியார்ட் இன்னொரு காரியமும் செய்தார். நடுவயதினரையும் இதயநோய் கண்டவர்களையும் கூட்டி மெல்லோட்டம் ஓடவைத்தார். 1962 இறுதியில் அவரைப் பார்க்கப் போனார் பில் போவர்மன், அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஒரு நாள் காலை அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார். போவர்மனுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்டு பிழைத்த ஒரு முதியவர் அவரோடு பேசிக்கொண்டே ஓடினார். பதில் சொல்லப் போவர்மனுக்கு மூச்சு இல்லை. உலகத்தரப் பயிற்சியாளருக்கு அன்று பட்ட வெட்கம் ஒரு புத்தகமானது. ஊர் திரும்பி, இதயநோய் மருத்துவர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, யூஜீன் நகரத்துச் சாதாரண மனிதர்களை ஓடவைத்துப் பார்த்து, அதன் பிறகே 1967இல் மெல்லோட்டம் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். நீங்கள் வாங்கிய சிறிய நூலின் பாட்டன் அது. நடந்தும் ஓடியும் தொடங்கச் சொல்லும் எல்லா நூல்களும் ஏதோ ஒரு வழியில் அந்தக் குடும்பம்தான்.

ஆக, ஆறு நாளா மூன்று நாளா என்ற உங்கள் கேள்விக்கு விடை, இரண்டும் சரி என்பதே. ஒன்று உங்களுக்கு எழுதிய கடிதம். மற்றொன்று அடுத்த வீட்டுக்காரருக்கு வந்தது, தபால்காரர் உங்கள் வீட்டில் போட்டுவிட்டார்.

பளு தூக்கும் நூலின் ஆசிரியர் ஓடுபவர்களைக் கண்டாலே எரிச்சலடைகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெயர் குறிப்பிடாவிட்டாலும், அந்தக் கோபத்தை வைத்து ஆசிரியர் யார் என்று ஊகிக்க முடிகிறது. அந்த நூல் உண்மையில் நல்ல நூல் என்பேன். தட்டு மாட்டிய கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது என்ற ஒரே அசைவுக்குப் பல பத்துப் பக்கங்கள். பாதம் எந்தக் கோணத்தில், பார்வை எங்கே, இடுப்பு எப்போது என்று. ஓர் அசைவுக்கு ஒரு படமும் நான்கு வரியும் கொடுத்து, நூறு அசைவுகளை அடுக்கும் நூல்களைவிட, ஐந்து அசைவுகளை முழுதாகச் சொல்லும் நூல் மேல். ஆனால் கடல் தாண்டி வரும்போது கணக்கு உதைக்கும். ஒவ்வொரு முறையும் ஐந்து பவுண்டு கூட்டச் சொல்கிறார்கள். அது இரண்டேகால் கிலோ. நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் இருக்கும் மிகச் சிறிய தட்டு இரண்டரைக் கிலோ. பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் ஐந்து கிலோ கூடிவிடும். நூல் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாம் வாரம் நின்றுபோனது உங்கள் சோம்பலால் மட்டும் அல்ல. ஒன்றேகால் கிலோத் தட்டு இரண்டு கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் சில வாரங்கள் நகர்ந்திருக்கும்.

இன்னொன்று: எடை ஏறாத ஒல்லியான இளைஞர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் பால் என்ற புகழ்பெற்ற அறிவுரையும் அந்த ஆசிரியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேலன் என்றால் மூன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். அரை லிட்டர் பாக்கெட் கணக்கில் ஏழரை. நமக்கு அந்த எண்ணின் பொருள் தெரியும்.

ஆசன நூலுக்கு வருகிறேன். தமிழில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஒவ்வோர் ஆசனத்தின் கீழும் அது தீர்க்கும் நோய்களின் பட்டியல்: நீரிழிவு, ஆஸ்துமா, மூலம், முடி உதிர்தல். நோய்ப் பட்டியல் செய்முறையைவிட நீளமாக இருந்தால் மூடிவிடுங்கள். பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூலிலும் பலன்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் அதற்கு முன்பு, ஒவ்வோர் ஆசனமும் எவ்வளவு கடினம் என்று ஒன்றிலிருந்து அறுபது வரை எண் கொடுத்திருக்கிறார். பின்னிணைப்பில் வாரவாரியாகப் பாடத்திட்டம், மொத்தம் முந்நூறு வாரம். ஏறக்குறைய ஆறு ஆண்டு! படங்களில் அவர் உடல் கயிறு போல முறுக்கிக்கொள்வதைப் பார்த்து மயங்குபவர்கள் இந்த முந்நூறைப் பார்ப்பதில்லை. இருபத்தொரு நாளில் என்று அட்டையிலேயே சத்தியம் செய்யும் நூல்களுக்கு நடுவே அந்த எண் எனக்கு எப்போதும் ஆறுதல்.

பழைய நூல் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். கனடா விமானப்படைக்காக 1950களின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு சிறு கையேடு, கருவி எதுவும் இல்லாமல் நாளுக்குப் பதினொரு நிமிடம் மட்டும் கேட்டது. வயதுக்கு ஏற்ற இலக்கு, படிப்படியான ஏற்றம், குறுகிய நேரம் எல்லாம் இன்றைக்கும் பொருந்தும். ஆனால் காலை நீட்டிப் படுத்தபடி எழுந்து உட்காரும் பயிற்சியை இன்று முதுகுக்காக யாரும் பரிந்துரைப்பதில்லை. இதயத்துடிப்புக் கணக்கும் அப்படியே. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று எல்லா நூலிலும் இருக்கும். உங்களுக்கு அது 174. ஆனால் ஒரே வயதுடையவர்களிடையே இது பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் மாறுவது சகஜம். தோராயம் என்று சொல்லும் நூலை நம்பலாம். சட்டம் போலச் சொன்னால், மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள். உங்களுக்கு இன்னும் எளிய அளவுகோல் உண்டு: பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடியாவிட்டால் வேகம் அதிகம். குளிர்நாட்டு நூலில் உள்ள வேக அட்டவணையைச் சித்திரை மாதப் பாளையங்கோட்டையில் எட்டிப்பிடிக்க முயலாமல் இருப்பதற்கும் இதுவே வழி.

உணவு நூல் பற்றி ஒரு கதை மட்டும். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985இல் ஓட்டக்கலை பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஓட்டக்காரன் மாவுச்சத்து நிறையச் சாப்பிட வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயம். பிறகு அவருக்கே நீரிழிவு வந்தது. கருத்தை மாற்றிக்கொண்டு, அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிடுங்கள் என்று தன் வாசகர்களிடம் சொன்னார். மாவுச்சத்தைக் குறை என்னும் அவருடைய புதிய கட்சிக்கும் எதிர்ப்பாளர்கள் ஏராளம். ஆனால் தன் நூலைத் தானே கிழிக்கச் சொன்ன ஆசிரியர் அபூர்வம். அரிசி விஷயத்தை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். அவர் கையில் உங்கள் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, நூலாசிரியர் கையில் இல்லை.

இனி உங்கள் அலமாரி. புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். சிறிய நூலை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கும் குறைந்தபட்ச அளவு. சிறிய நூலின் மூன்று நாட்கள் உங்களை அதன் பக்கத்தில் கொண்டுபோய்விடும். அதில் விட்டுப்போன நாளுக்கான பக்கம் இல்லையென்றால், மேலே நான் சொன்ன பாதி, முக்கால் கணக்கைப் பென்சிலால் உள்ளட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மார்ச் மாதத் தணிக்கைக்கு அது உதவும். முழங்கால் வலிக்கு எந்த நூலும் உதவாது. அதற்கு உங்கள் முழங்காலைப் பார்க்கும் கண் வேண்டும். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனால், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் எங்காவது விசிலோடு நின்றுகொண்டிருப்பார். உங்கள் ஊரில் ஒருவருக்கு மேலேயே இருப்பார்கள். அவர் முன்னால் நூறு மீட்டர் ஓடிக்காட்டுங்கள். வலி விடாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

மாரத்தான் நூல் இரண்டு ஆண்டு காத்திருக்கலாம். உணவு நூலை எடைக்குப் போடுங்கள். ஆசன நூலை நோய்ப் பட்டியலின் நீளத்தை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பளு நூலை உங்கள் மகனிடம் கொடுத்துவிடுங்கள். பிளஸ் ஒன் படிக்கிறான், அப்பாவைக் கேலி செய்யும் அளவுக்குத் தெம்பும் இருக்கிறது. அந்தக் கடிதம் அவன் வயதுக்காரனுக்கு எழுதியதுதான். ஒன்றேகால் கிலோத் தட்டு இரண்டும் கூடவே வாங்கிக் கொடுங்கள். பால் கணக்கை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.