3000 வாட் ஹீட்டர் போட்டால் அரை மணியில் பிரேக்கர் டிரிப் ஆகிறது. 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடலாமா?

போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டுப் பார்த்தவன். டிரிப் ஆவது நின்றது உண்மைதான். ஆனால் அதே லைனில் 3000 வாட் ஹீட்டரும் 2000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடின. கிட்டத்தட்ட 22 ஆம்பியர். சுவருக்குள் இருந்ததோ 1.5 சதுர மி.மீ. வயர். சில வாரங்களில் சாக்கெட்டுக்குப் பின்னால் வயரின் உறை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. 32 ஆம்பியர் பிரேக்கருக்கு 22 ஒரு பொருட்டே இல்லை, அது பேசாமல் இருந்துவிட்டது. பிரேக்கர் காவல் காப்பது வயரை, ஹீட்டரை அல்ல.

உங்கள் கணக்குக்கு வருவோம். 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். (120 வோல்ட் நாடு என்றால் இதுவே 25, அங்கே எல்லாமே மாறும்.) அறையைச் சூடாக்கும் ஹீட்டர் மணிக்கணக்கில் ஓடுவது. அமெரிக்க விதிகளில் இத்தகைய சுமைக்கு 25 சதவீதம் கூட்டிக்கொள்வார்கள், நானும் அப்படியே செய்கிறேன்: 16.3. ஆகவே 20 ஆம்பியர் பிரேக்கர். ஹீட்டருக்குத் தொடக்கத்தில் மோட்டார்போல் அதிக மின்னோட்டம் இழுக்கும் பழக்கம் இல்லை என்பதால், திடீர் ஏற்றத்துக்குச் சீக்கிரம் விழும் பி வகை பிரேக்கரே போதும்.

வயர் அந்த 20 ஆம்பியரைத் தாங்க வேண்டும், அதுவும் அது கிடக்கிற இடத்தில். திறந்த சுவரில் 2.5 சதுர மி.மீ. செம்பு எளிதாகத் தாங்கும். அதே வயரை நாலைந்து வயர்களோடு ஒரே குழாயில் திணித்தால் சூடு வெளியேற வழியின்றித் திறன் இறங்கிவிடும். நான் 4 சதுர மி.மீ. போட்டுவிடுவேன். சுவரை இரண்டாம் முறை உடைக்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறு. நல்ல 16 ஆம்பியர் எம்சிபி (வீட்டு பிரேக்கரின் பெயர்தான்) ஒன்று 18 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். அரை மணியில் 13 ஆம்பியருக்கே விழுகிறது என்றால் அந்த லைனில் வேறு ஏதோ ஓடுகிறது, அல்லது பிரேக்கரின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும். அந்தச் சூடு உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டையை (சூட்டில் வளைந்து பிரேக்கரை விழவைப்பது அதுதான்) வளைத்து, அதிக மின்னோட்டம் இல்லாமலே டிரிப் ஆக்கும். ஹீட்டர் ஓடி முடிந்ததும் மின் பணியாளர் ஒருவரை அழைத்து, மெயினை அணைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செம்பு நிறம் மாறியிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு, புதிதாக உரித்துச் செருகி ஸ்க்ரூவை இறுக்கட்டும்.