மாடல் போர் விமானத்தில் 'வாஷ்' பூசுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் எதற்கு?

வாஷ் என்பது தின்னர் கலந்து நன்றாக நீர்க்கவிட்ட அடர்நிற பெயின்ட். 15 மீட்டர் நீளமுள்ள எஃப்-16, 1/48 மாடலில் சுமார் 31 செ.மீ. தான். அந்த அளவில் தகடுகளின் இணைப்புக் கோடுகள், மாடலில் மெல்லிய பள்ளங்களாக இருப்பவை, கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. அவற்றை எடுத்துக்காட்டத்தான் வாஷ்.

எஃப்-16-இன் சாம்பல் நிறம் மேட் வகை, அதாவது பளபளப்பு இல்லாதது. மேட் பெயின்ட் காய்ந்தால் பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருக்கும். வாஷ் பட்ட இடமெல்லாம் கறையாகப் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் தரையில் டிகாஷன் சிந்தினால் கறை போகாது, மொசைக்கில் சிந்தினால் ஒரே துடைப்பில் போய்விடும். அதே கதைதான்; பளபளப்பு வார்னிஷ் மேட் பரப்பை மொசைக் மாதிரி வழவழப்பாக்கிவிடும்.

வார்னிஷ் காய்ந்த பிறகு, தூரிகை நுனியால் கோட்டின் ஒரு முனையைத் தொடுங்கள். வாஷ் தானாகவே கோடு நெடுக ஓடும். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது! மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால், பறக்கும்போது காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். வார்னிஷ் அக்ரிலிக் என்றால் வாஷ் எனாமலாக இருக்கட்டும்; அப்போதுதான் அதன் தின்னர் அடிப் பூச்சைக் கரைக்காது.

பளபளப்பு பூசினால் விமானம் பொம்மை மாதிரி மின்னும் என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள்; கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷ் அந்த மினுக்கை முழுசாக எடுத்துவிடும்.