கேன்டீன் வாசலில் கண்ணில் படுகிறவர்களைக் கேட்டால் அது ரேண்டம் சாம்பிளிங் ஆகுமா?

கேள்வி: நூலகப் பயன்பாடு பற்றிக் கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு சர்வே எடுக்கிறோம். மொத்தம் 1,180 மாணவர்கள். 120 பேரைக் கேட்க வேண்டும். கேன்டீன் பக்கம் வருகிறவர்களை அப்படியே கேட்டால் போதுமா? சிம்பிள் ரேண்டம், சிஸ்டமேட்டிக், ஸ்ட்ராட்டிஃபைடு, கிளஸ்டர் என்று பாடத்தில் நான்கு இருக்கிறதே, எதை எடுப்பது?

பதில்:

ஆகாது. கேன்டீனுக்கு வருகிறவர் யார், வராதவர் யார் என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை, குலுக்கலும் தீர்மானிக்கவில்லை. டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர், நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், அந்த நேரத்தில் நூலகத்திலேயே உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் விடுபட்டுப் போவார்கள். அதிலும் நீங்கள் கேட்கப்போவது நூலகத்தைப் பற்றி. ஒவ்வொருவரும் மாதிரிக்குள் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடிந்தால்தான் அது ரேண்டம், அதாவது சமவாய்ப்பு மாதிரி. யாரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது மட்டும் போதாது.

ஆகவே முதல் வேலை பட்டியல். அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியலை வாங்கியதும் மூன்றைச் சரிபாருங்கள். படிப்பை நிறுத்தியவர்களின் பெயர் இன்னும் இருக்கிறதா? டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் விடுபட்டிருக்கிறார்களா? ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதா? இரண்டு தடவை இருக்கிறவருக்கு வாய்ப்பும் இரட்டிப்பு. பதிவெண்ணை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள், அதில் இடைவெளிகள் இருக்கும். 1 முதல் 1180 வரை புதிதாக வரிசை எண் கொடுங்கள். எந்த முறையை எடுத்தாலும் பட்டியலில் இல்லாத ஆள் மாதிரியில் வரவே மாட்டார். அதை எந்தச் சூத்திரமும் பிறகு சரிசெய்யாது.

எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு (சிம்பிள் ரேண்டம்) பாடத்தில் முதலில் சொல்வது சீட்டுக் குலுக்கல். கேட்க எளிது, ஒழுங்காகச் செய்வது கடினம். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1 அன்று நடந்த குலுக்கலைப் பாருங்கள். 366 பிறந்த தேதிகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடி ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்த தேதிக்கு எண் 1, அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்களுக்கு அழைப்பு முதலில். ஆனால் குப்பிகளைப் பெட்டியில் போட்டது மாத வரிசைப்படி, ஜனவரி முதலிலும் டிசம்பர் கடைசியிலும். கலக்கியது போதவில்லை. நியாயமாக நடந்திருந்தால் எந்த மாதத்துக்கும் சராசரி எண் 183.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜனவரிக்கு 201 வந்தது, டிசம்பருக்குச் சுமார் 122. ஆண்டின் கடைசியில் பிறந்தவர்கள் முன்னதாகவே அழைக்கப்பட்டார்கள். ஓர் அரசே கேமரா முன்னால் நடத்திய குலுக்கலின் கதி இது. 1,180 சீட்டுகளை மடித்து ஒரு பையில் போட்டு நான்கு தடவை உலுக்குவதை நம்ப வேண்டாம்.

சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பயன்படுத்தினால் நான்கு இலக்கமாகப் படிக்க வேண்டும். 0001 முதல் 1180 வரை வந்தால் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால், ஏறக்குறைய 88 சதவீத எண்கள் வீணாகும். இதற்கு ஒரு வழி உண்டு. 1180-இன் எட்டு மடங்கு 9440. எனவே 0001 முதல் 9440 வரை வரும் எல்லா எண்ணையும் ஏற்று, 1180-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 7345 வந்தால் மீதி 265, அந்த வரிசை எண்ணுக்கு உரியவரே உங்கள் ஆள். 2360 வந்தால் மீதி 0, அப்போது 1180-ஆம் ஆள். 9441 முதல் 9999 வரையும் 0000-வும் வந்தால் கண்டிப்பாகத் தள்ள வேண்டும். வீணாகிறதே என்று அவற்றையும் வகுத்தால் 1 முதல் 559 வரை உள்ளவர்களுக்கும் 1180-ஆம் ஆளுக்கும் ஒன்பது வாய்ப்பு, மற்றவர்களுக்கு எட்டுதான். தேர்வில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். ஒரே ஆள் மறுபடி வந்தால் விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

எக்செல்லில் என்றால் பெயர்களுக்குப் பக்கத்து நெடுவரிசையில் ராண்ட் ஃபார்முலாவைக் கடைசிவரை இழுத்துவிட்டு, உடனே காப்பி செய்து மதிப்புகளாக மட்டும் பேஸ்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை தொடும்போதும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்வு செய்து அந்த எண் வரிசைப்படி அடுக்கி, முதல் 120 பேரை எடுங்கள். எண் நெடுவரிசையை மட்டும் அடுக்கினால் பெயர் ஒருபக்கம், எண் ஒருபக்கம் ஆகிவிடும். ராண்ட்பிட்வீன் வேண்டாம், ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். குலுக்கியது ஒரு தடவைதான் இருக்க வேண்டும். வந்த பட்டியல் பிடிக்கவில்லை என்று இன்னொரு தடவை குலுக்கினால், தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், குலுக்கல் அல்ல.

இப்படி 120 பேரை எடுத்தால் கிடைப்பது என்ன? பாதிப்பேர் ஆம் என்று சொல்லும் ஒரு கேள்விக்குத் திட்டப்பிழை, அதாவது குலுக்கலால் விடை வழக்கமாக விலகும் அளவு, 4.56 சதவீதப் புள்ளி. மொத்தம் 1,180 பேர்தான் என்பதால் 1060-ஐ 1179-ஆல் வகுத்து வரும் விகிதத்தின் வர்க்கமூலத்தால், அதாவது 0.948-ஆல், பெருக்கலாம். 4.33 ஆகும். 95 சதவீத நம்பிக்கையில் இதை 1.96-ஆல் பெருக்கினால் கூட்டல் கழித்தல் 8.5. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற முறைகளை இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

முறைசார் மாதிரி (சிஸ்டமேட்டிக்) என்பது தற்செயலாக ஓர் ஆளில் தொடங்கி, பிறகு சம இடைவெளியில் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே போவது. பாடநூல் கணக்கில் இடைவெளி எப்போதும் முழு எண்ணாகவே வரும். உங்களுக்கு 1180-ஐ 120-ஆல் வகுத்தால் 9.83. இதை 9 என்று வைத்து 120 பேர் வந்ததும் நிறுத்தினால், கடைசியாக எடுக்கும் ஆள் அதிகபட்சம் 1080-ஆம் எண். அதற்குப் பிறகு இருக்கும் நூறு பேருக்கு வாய்ப்பு சுழியம். அவர்கள் யார்? பட்டியலின் கடைசியில் இருக்கும் துறையின் மாணவர்கள், ஒரு துறையே காணாமல் போகும். 10 என்று வைத்தால் சரியாக 118 பேர் வருவார்கள். இரண்டு பேர் குறைந்தால் குடி முழுகிவிடாது, அதையே வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டி 120 என்றால் 120தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தசமத்தோடு போங்கள். 0-க்கும் 9.8333-க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண், உதாரணமாக 4.27 வந்தது என்போம். அதோடு 9.8333-ஐக் கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொன்றையும் மேல்நோக்கி முழுதாக்குங்கள்: 5, 15, 24, 34... கூட்டும்போது தசமத்தை வெட்டக் கூடாது, ஆளைத் தேடும்போது மட்டும் முழுதாக்க வேண்டும்.

தேசிய மாதிரி ஆய்வின் மாதிரி வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய டி. பி. லாகிரி சொன்ன வட்ட முறையும் உண்டு. 1180-க்கு அடுத்து மறுபடி 1 என்று பட்டியலை வட்டமாகக் கருதி எங்கிருந்தும் தொடங்கலாம். ஆனால் இங்கே இடைவெளியை 10 என்று வைத்தால் 118 பேர் முடிந்ததும் தொடங்கிய ஆளிடமே வந்து நிற்பீர்கள். 9 என்று வைத்தால் பிரச்சினை இல்லை, எங்கிருந்தும் தொடங்கலாம் என்பதால் யாருக்கும் வாய்ப்பு சுழியம் ஆகாது.

இன்னொரு ஆபத்து, பட்டியலில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு. விடுதிப் பட்டியல் அறை வரிசையில் இருந்து, ஒவ்வொரு தளத்திலும் பத்துப் பேர், அதில் முதல் ஆள் எப்போதும் தளப் பொறுப்பாளர் என்றால், இடைவெளி 10 உங்களுக்கு ஒன்று எல்லாப் பொறுப்பாளர்களையும் கொடுக்கும், அல்லது ஒருவரைக்கூடக் கொடுக்காது. மாறாக, துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கிய பட்டியல் இந்த முறைக்கு வரப்பிரசாதம், ஒவ்வொரு துறையிலிருந்தும் ஏறக்குறைய சரியான பங்கு தானாகவே வந்துவிடும்.

வைவாவில் கேட்பார்கள்: இடைவெளி 10 என்றால் எல்லாருக்கும் பத்தில் ஒரு வாய்ப்புதானே, அப்படியானால் இது எளிய சமவாய்ப்பு மாதிரியா? இல்லை. எளிய முறையில் ஆளுக்கு மட்டுமல்ல, எந்த 118 பேர் கொண்ட கூட்டத்துக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். இங்கே சாத்தியமான கூட்டங்கள் பத்தே பத்து. 5-ஆம் ஆளும் 6-ஆம் ஆளும் சேர்ந்து ஒருபோதும் வர மாட்டார்கள். அதனால்தான் ஒரே ஒரு முறைசார் மாதிரியிலிருந்து திட்டப்பிழையை நேர்மையாகக் கணக்கிட வழியில்லை. இதற்கு மருந்து, இடைவெளியை 20 ஆக்கி இரண்டு வெவ்வேறு தொடக்கங்களைக் குலுக்கி எடுப்பது. தொடக்கத்துக்கு 59 பேர், மொத்தம் அதே 118. இரண்டு விடைகளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே உங்கள் பிழையைக் காட்டும். வங்காளச் சணல் பயிர்க் கணக்கெடுப்புகளில் இந்தியப் புள்ளியியலாளர் மஹலனோபிஸ் பயன்படுத்திய ஊடுருவும் துணை மாதிரிகளின் அடிப்படை இதுதான்.

படுகை மாதிரிக்கு (ஸ்ட்ராட்டிஃபைடு) வருவோம். மாணவர்களை முதலில் குழுக்களாக, அதாவது படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிலரை எடுப்பது இது. முதலாண்டு 420, இரண்டாமாண்டு 390, மூன்றாமாண்டு 370 என்று வைத்துக்கொண்டால் விகிதப்படி 42.71, 39.66, 37.63. வழக்கம்போல முழுதாக்கினால் 43, 40, 38, கூட்டினால் 121! முதலில் தசமத்தை வெட்டி 42, 39, 37 என்று வைத்து, மீதி இரண்டு இடங்களைத் தசமம் பெரிதாக உள்ள முதல் இரண்டுக்குக் கொடுங்கள்: 43, 40, 37. பிறகு ஒவ்வொரு படுகைக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்க வேண்டும். 43 பேர் சேரும்வரை வராந்தாவில் நின்று பிடித்தால் அது ஒதுக்கீட்டு மாதிரி. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்று கருத்துக்கணிப்புகள் சொன்னபோது கையில் இருந்தது அந்த ஒதுக்கீட்டு முறைதான்.

நூலகத்துக்கு ஆண்டைவிட விடுதியா, வீட்டிலிருந்து வருகிறவரா என்பதே பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன். விடுதியில் 300 பேர், வெளியில் 880 பேர் என்று கொள்வோம். இரு தரப்பையும் ஒப்பிடத் தரப்புக்கு 60 பேர் என்று எடுப்பது தவறில்லை, ஆனால் கடைசியில் எடை போட மறக்கக் கூடாது. விடுதியில் 60-க்கு 48 பேர், வெளியில் 60-க்கு 24 பேர் வாரம் ஒரு தடவையாவது நூலகம் போகிறார்கள் என்றால், மொத்தமாகக் கூட்டி 120-க்கு 72, அதாவது 60 சதவீதம் என்று எழுதுவது பிழை. விடுதியில் ஒருவர் 5 பேருக்குப் பதில் சொல்கிறார், வெளியில் ஒருவர் 14.67 பேருக்கு. 240-யும் 352-யும் கூட்டி 1180-ஆல் வகுத்தால் சுமார் 50 சதவீதம். பத்துப் புள்ளி வித்தியாசம், காரணம் வெறும் கவனக்குறைவு.

கொத்து மாதிரி (கிளஸ்டர்) உங்களுக்கு வேண்டாம். மூன்று வகுப்பைக் குலுக்கி எடுத்து, உள்ளே போய் நாற்பது நாற்பது பேரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வருவது ஒரு மணி நேர வேலைதான், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே வகுப்புக்காரர்களின் பழக்கம் ஒன்றுபோல இருக்கும். அந்த உள் ஒற்றுமையை 0.05 என்று குறைவாகவே வைத்தாலும் மாறுபாடு (திட்டப்பிழையின் வர்க்கம்) 1 + 39 × 0.05, அதாவது 2.95 மடங்காகிறது. உங்கள் 120 பேர் சுமார் 41 பேருக்குச் சமம், கூட்டல் கழித்தல் 15. அதே 120-ஐ 12 வகுப்புகளிலிருந்து பத்துப் பத்தாக எடுத்தால் மடங்கு 1.45, ஏறக்குறைய 83 பேருக்குச் சமம். பட்டியலே கிடைக்காத இடத்தில்தான் இந்த முறை அவசியமாகிறது. இந்தியா முழுவதற்கும் வீடுகளின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் தேசியக் குடும்ப நல ஆய்வில் முதலில் கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் வீடு வீடாகப் பட்டியல் எடுத்து, அதிலிருந்து முறைசார் முறையில் 22 வீடுகளை எடுக்கிறார்கள். படுகையா கொத்தா என்று குழம்பினால் ஒன்றைப் பாருங்கள்: எல்லாக் குழுக்களிலிருந்தும் சிலரை எடுத்தால் படுகை, சில குழுக்களை மட்டும் எடுத்தால் கொத்து.

நான் சொல்வது: விடுதி, வெளி என்று இரண்டு படுகை. ஒவ்வொன்றிலும் துறை, ஆண்டு வரிசையில் பட்டியலை அடுக்கி, முறைசார் முறையில் 60 பேர்; விடுதிக்கு இடைவெளி 5, வெளிக்குத் தசமத்தோடு 14.67.

பெயர் வந்த பிறகு ஆளைப் பிடிப்பதில்தான் முக்கால்வாசி சர்வேக்கள் கெடுகின்றன. அன்று வராதவருக்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காதீர்கள். வேறு நாளில், வேறு நேரத்தில் குறைந்தது மூன்று தடவையாவது தேடுங்கள். வகுப்புக்கே வராதவர் நூலகத்துக்கும் வராதவராக இருக்கலாம், அவரை விட்டால் விடை ஒரு பக்கம் சாயும். லிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு முதலில் வரும் 120 பதிலை எடுப்பதும் கேன்டீன் வாசலும் ஒன்றுதான். 1936-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கி ஜெயித்தார். அறிக்கையில் எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்ற இரண்டையும் படுகைவாரியாக எழுதுங்கள். தொடக்க எண்களையும் குலுக்கிய தேதியையும் பின்னிணைப்பில் சேருங்கள்.