அமைச்சரைத் தலைவர் நீக்கினால் தொண்டர்கள் ஏன் கைதட்டுகிறார்கள்?

அமைச்சர் நீக்கம் என்றால், முதல்வர் பரிந்துரைக்க ஆளுநர் ஒருவரை அமைச்சரவையிலிருந்து எடுப்பது. அரசியல் சட்டத்தின் 164வது பிரிவில் காரணம் சொல்லவேண்டும் என்று எங்கும் இல்லை. சொல்லாத காரணத்தைத் தொண்டர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். 2011க்குப் பிறகு ஜெயலலிதா அமைச்சர்களை அடிக்கடி மாற்றியபோது எங்கள் கிருஷ்ணகிரி டீக்கடையில் "அம்மா தப்பு செஞ்சா யாரையும் விடமாட்டாங்க" என்பதுதான் பேச்சு, முந்தின நாள்வரை அதே அமைச்சருக்கு பேனர் கட்டியவர்களும் அதையே சொன்னார்கள். ஓட்டு போட்டது தலைவர் முகத்துக்குத்தானே! மாங்காய் மண்டியில் முதலாளி ஒரு அழுகலை எடுத்து வீசினால் "சுத்தமான ஆள்" என்போம், அதைக் கூடையில் அடுக்கவிட்டது யார் என்று கேட்கமாட்டோம், அப்படித்தான். அப்புறம், அமைச்சர் பதவி போனால் எம்எல்ஏ பதவியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, தொகுதிக்கு அவரே எம்எல்ஏ.