டே கேர் கட்டணமே என் சம்பளத்தில் பாதியைத் தின்கிறது. வேலையை விட்டுவிடலாமா?

ஒன்றரை வயதுக் குழந்தை, சென்னையில் இருவருக்கும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையும் இதுதான், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கட்டணத்தை ஏன் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கிறீர்கள்? வாடகையையும் கரன்ட் பில்லையும் அப்படிக் கழிப்பதில்லையே! என் மாமியாரும் "நீ சம்பாதிக்கிறது அவளைப் பார்த்துக்கவே சரியாப் போகுதேம்மா" என்பார். இரண்டு சம்பளத்தையும் கூட்டி அதில் கழித்துக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு நின்றது. வேலையை விட்டால் போவது மாதச் சம்பளம் மட்டுமல்ல. பி.எஃப்.பில் நிறுவனம் போடும் 12 சதவீதம் நிற்கும். நிரந்தர வேலையை ஐந்து ஆண்டு நிறைவதற்குள் விட்டால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கிடையாது. இடைவெளி விட்டுத் திரும்பி வருபவர்களுக்கு என்ன சம்பளம் பேசுகிறார்கள் என்பதை உங்கள் ஆபீஸிலேயே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது ஹெச்.ஆர். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் என்றால் 26 வார விடுப்பு மட்டும்தான் பலருக்கு நினைவிருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் இந்த 50. அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். காப்பகம் ஆபீஸுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து டே கேரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரும் நிறுவனங்கள் உண்டு. வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். மெயிலில் கேளுங்கள், முடிந்தால் நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து.

பாட்டி, தாத்தா? இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து இருந்த மாதங்களில் அப்பா அங்கே மெஸ் சாப்பாடு. அம்மாவுக்கோ முட்டி வலி, தவழ்கிற குழந்தைக்குப் பின்னால் குனிந்து நிமிர முடியவில்லை. கடைசியில் எங்கள் அடுக்ககத்திலேயே ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரிடம் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேசினோம். மூன்று குழந்தைகள், ஒரே வீடு, சாப்பாடு அவரவர் டப்பாவில். டே கேருக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதிதான் ஆனது. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் யார் லீவு போடுவது என்பதை முன்பே பேசி வையுங்கள். எங்களுக்குள் சண்டை வந்தது அதில்தான். (அப்பாக்களும் லீவு போடலாம், சட்டம் தடுக்காது.)

இரண்டு வயது ஆனதும் அங்கன்வாடியை ஒரு முறை போய்ப் பாருங்கள். 1975இல் தொடங்கிய திட்டம், நம் ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் பெயர். கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு, முட்டை எல்லாம் உண்டு. "நமக்கெல்லாம் அது எதுக்கு" என்று ஒதுக்குவது வீண் பெருமை. ஆனால் நாம் ஆபீஸ் முடிந்து வரும்வரை திறந்திருக்காது. மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள ஒருவர் அமைந்தால் மட்டுமே சரிப்படும்.

வரிச் சலுகையை ரொம்ப நம்ப வேண்டாம். பிளே ஸ்கூல் டியூஷன் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. அது பழைய வரி முறையில் மட்டும், அதுவும் பி.எஃப்.பும் சேர்ந்தே வரும் ஒன்றரை லட்சக் கழிவு வரம்புக்குள் (80சி என்பார்களே, அதுதான்). உங்கள் பி.எஃப்.பே அதை நிரப்பியிருந்தால் ஒரு பைசா லாபமில்லை.

டே கேரையே தொடர்வதாக இருந்தால் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். காய்ச்சல் என்று ஒரு வாரம் அனுப்பாவிட்டால் கழிப்பார்களா, டிராஃபிக்கில் மாட்டி அரை மணி தாமதமானால் எவ்வளவு, வருடா வருடம் அட்மிஷன் கட்டணம் உண்டா, இவற்றையும் கேளுங்கள். கணவர் ஷிஃப்டை முன்னால் மாற்றிக்கொண்டால் அரை நாள் கட்டணத்திலேயே முடியுமா என்றும் பாருங்கள். எங்களுக்கு இரண்டாம் வருடம் அப்படித்தான் ஓடியது.